புத்தகத்தில் இருப்பதை அப்படியே படிக்கலாம்

குழந்தைக்குப் புத்தகம் படித்துக் காட்டும் பல வீடுகளில், படிப்பவருக்கே தெரியாமல் ஒரு வேலை நடக்கிறது. கண் 'சென்றது' என்று பார்க்கிறது, வாய் 'போச்சு' என்கிறது. கண் 'அவர்கள்' என்று பார்க்கிறது, வாய் 'அவங்க' என்கிறது. இப்படிச் செய்யும்படி யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்ததும் நாக்கு தானாகப் பேச்சுக்கு இறங்கிவிடுகிறது. பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்ற அன்பில் செய்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் அப்படி மாற்றுவதில்லை. அச்சில் என்ன இருக்கிறதோ அதையே படிப்பேன்.

என் மகளுக்கு அப்படிப் படித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்ட அண்ணி, "ஏன் தம்பி, சின்னப் பிள்ளைக்குப் போய் செய்தி வாசிக்கிற மாதிரி படிக்கிறீங்க? நாம பேசுற மாதிரி மாத்திச் சொன்னா அவளுக்குச் சுலபமா புரியுமில்ல?" என்று கேட்டார். கேட்டதில் குறையே இல்லை. அண்ணி தன் பிள்ளைகளுக்குத் தவறாமல் புத்தகம் எடுத்துப் படித்துக் காட்டுகிறவர், கதை சொல்வதில் கெட்டிக்காரர். அதனாலேயே அவர் கேள்வி என்னை விடவில்லை. எனக்குச் சரியென்று படுவதற்கு வெறும் பிடிவாதம் தவிரக் காரணம் ஏதும் உண்டா என்று பல நாள் யோசித்தேன், தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மாற்றிச் சொல்லுதல்' என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "நரி மெல்ல மெல்ல நடந்து கிணற்றருகே சென்றது. உள்ளே எட்டிப் பார்த்தது. இருட்டாக இருந்ததால் முதலில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அது நகரவில்லை." மாற்றிப் படிக்கும்போது இது, "நரி மெதுவா நடந்து கெணத்துக்கிட்ட போச்சா, உள்ள எட்டிப் பாத்துச்சு. ஒரே இருட்டு. ஒண்ணுமே தெரியல. அங்கேயே நின்னுச்சு" என்று ஆகும். கதை போய்ச் சேர்ந்துவிட்டது. குழந்தை நரியைக் கண்ணால் பார்த்துவிட்டது. ஆனால் 'இருந்ததால்', 'ஆனாலும்' இரண்டும் காணோம். பேச்சில் நமக்கு அவை தேவைப்படுவதில்லை. குரலை ஏற்றி இறக்கி, ஓர் இடைவெளி விட்டு, காரணத்தையும் முரணையும் காட்டிவிடுகிறோம். அச்சுக்குக் குரல் கிடையாது. அங்கே அந்த வேலையையெல்லாம் 'ஆகையால்', 'இருந்தபோதிலும்', 'அதற்குள்', 'என்றாலும்' போன்ற சொற்கள்தான் செய்கின்றன. நாளைக்கு வரலாறோ அறிவியலோ எதைப் படித்தாலும் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் என்ன உறவு என்பதைப் பிள்ளை இந்தச் சொற்களைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். மாற்றிச் சொல்லும்போது முதலில் உதிர்வது அவைதான்.

இன்னொன்று, மாற்றிப் படிக்கிறவருக்கு இரட்டை வேலை. ஒரு வரியைப் பார்த்து, மனதுக்குள் மாற்றி, பிறகு சொல்ல வேண்டும். நீளமான வாக்கியம் வந்தால் பாதியை விட்டுவிடுவோம். அசதியாக இருக்கும் நாளில் இன்னும் சுருக்குவோம். இன்று சொன்ன சொல் நாளைக்கு வராது. குழந்தைகளுக்கோ ஒரே புத்தகத்தை ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் ஆசை. ஒரு சொல் இடம் மாறினாலும் பிடித்துக்கொள்வார்கள். "இல்ல, அப்படி இல்ல" என்று பக்கத்தை மறுபடி திருப்பச் சொல்வார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். புத்தகம் என்பது யார் எடுத்தாலும், எப்போது எடுத்தாலும் அதே சொற்களைச் சொல்லும் பொருள் என்பது எழுத்து தெரியாத வயதிலேயே அவர்களுக்குப் புரிய வருகிறது. அம்மா படித்தாலும் அதே வரி, தாத்தா படித்தாலும் அதே வரி.

காது முந்திக்கொள்கிறது

குழந்தையின் காது எவ்வளவு முன்னதாக வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு 1986இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இருவர் செய்தது. பேறுகாலத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் ஒரு கதைப் பகுதியைத் தினமும் உரக்கப் படித்தார்கள். பிறந்த சில நாட்களில் அந்தச் சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றைக் கொடுத்து, அவை சப்பும் வேகத்துக்கு ஏற்ப ஒலிப்பதிவு மாறும்படி வைத்தார்கள். கருவில் கேட்ட பகுதி வர வேண்டும் என்பதற்காகக் குழந்தைகள் தங்கள் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன. வேறொரு பெண்ணின் குரலில் பதிவு செய்திருந்தபோதும் அப்படியே. அவை பிடித்துவைத்திருந்தது தாயின் குரலை மட்டுமல்ல, அந்த வரிகளின் ஏற்ற இறக்கத்தையும் ஓட்டத்தையும். பொருள் என்ற ஒன்றே இல்லாத பருவத்திலும் நடைக்குக் காது திறந்திருக்கிறது.

தமிழில் இது இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். நம் எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே உள்ள தூரம் அப்படி. பேசும்போது 'இலை' எல ஆகிறது, 'இடம்' எடம் ஆகிறது, 'உடம்பு' ஒடம்பு ஆகிறது. 'மரம்' என்பதன் கடைசியில் உதடு மூடுவதே இல்லை, மூக்கோடு கரைந்துவிடுகிறது. 'நாள்' நாளு ஆகிறது. இத்தனையும் கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் வகுப்பில் 'இலை' என்ற எழுத்தைச் சந்திக்கிறது. அதோடு ஒரே 'க' மூன்று விதமாக வாசிக்கப்படுகிறது. 'கல்' வேறு, 'பகல்' வேறு, 'தங்கம்' வேறு. எழுத்து ஒன்றுதான், எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை இடம்தான் சொல்கிறது. இதை விதியாகச் சொல்லி ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது. காதில் விழுந்து விழுந்து படிந்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

சொல்வளம் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்டது. அதிகம் புழங்காத சொற்கள் ஆயிரத்துக்கு எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரிப் படிப்பு முடித்த பெரியவர்கள் நண்பர்களோடு பேசும் பேச்சில் ஏறத்தாழ 17. சிறுவர் புத்தகங்களில் ஏறத்தாழ 31. படித்த பெரியவர் பேச்சைவிடச் சிறுவர் புத்தகம் சொல் நிறைந்ததாக இருக்கிறது. எழுத்துக்கும் பேச்சுக்கும் பெரிய இடைவெளி இல்லாத மொழியிலேயே இந்த வித்தியாசம். நம் வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடியும் பேச்சுச் சொற்களையே சொன்னால், புத்தகத்தால் மட்டுமே தரக்கூடியதை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம். பேச்சு அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்கக் கிடைக்கிறது. எழுத்துத் தமிழ் காதில் விழ வேறு நேரம் எது?

பார்த்துக்கொண்டிருந்தது

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. கண்ணால் பார்த்த ஒன்று உண்டு. அதற்குப் பிறகுதான் எனக்கு மனம் ஒரு நிலைக்கு வந்தது.

விடுமுறைக்கு அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அண்ணன் மகன் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். என் மகளுக்கு 5 வயது, அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு புதுப் படப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகப் படிப்பது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். பையனின் பக்கத்தில் ஒரு குருவி, மழை, கூடு. வாக்கியத்தின் கடைசிச் சொல் 'பார்த்துக்கொண்டிருந்தது'. எண்ணினால் 12 எழுத்து. அவன் விரல் வைத்துப் படித்தான். "பா... ர்... த்... து..." ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. 'ண்டி'யில் கொஞ்சம் நின்றான், பிறகு அதையும் கடந்தான். கடைசி 'து' வரை போய்ச் சேர்ந்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சித்தப்பா, அப்படின்னா என்ன?" என்றான்.

"பாத்துட்டிருந்துச்சு" என்றேன்.

"ஓ, அதுவா!" என்று சிரித்தான்.

அந்த 'அதுவா' என்னைப் பிடித்து நிறுத்தியது. அவனுக்குத் தெரியாத சொல் இல்லை அது. ஒரு நாளில் எத்தனையோ தடவை அவனே சொல்கிற சொல். நன்றாகத் தெரிந்த ஒருவர் பழக்கமில்லாத உடுப்பில் வந்து நின்றதால் அடையாளம் தெரியாமல் போனது, அவ்வளவுதான். எழுத்தறிவில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை, என் மகளைவிட வேகமாக எழுத்தைக் கூட்டுகிறான். புத்தியிலும் குறை இல்லை. எழுத்துகளைக் கூட்டிப் போய்ச் சேர்ந்த இடத்தில், 'இதை நான் கேட்டிருக்கிறேனே' என்று சொல்ல அவன் காதில் எதுவும் தங்கியிருக்கவில்லை.

சில பக்கம் தள்ளி, மகளின் முறை வந்தபோது அதே சொல் வந்தது. இம்முறை பூனை. அவள் "பா... ர்... த்..." என்று திணறித் திணறிக் கூட்டினாள். விரல் 'த்'தில் இருக்கும்போதே தலை நிமிர்ந்தது. "பார்த்துக்கொண்டிருந்தது!" என்று முழுதாகச் சொன்னாள். மீதி எட்டு ஒன்பது எழுத்தைக் கண் இன்னும் தொடவே இல்லை. வாய் அவற்றைத் தாண்டிப் போய்விட்டது.

அவன் வாயால் சற்று முன்புதான் கேட்டாள், அதனால் வந்தது என்று சொல்லலாம். இருக்கலாம். ஊகித்தாள் என்றும் சொல்லலாம். ஊகித்ததுதான். அந்த ஊகம் சில நேரம் தப்பாகவும் போகும். 'பார்த்துக்கொண்டான்' என்று இருப்பதை 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்று படித்துவிட்டு, கதை ஒட்டாமல் போனதும் திரும்பி வந்து சரிசெய்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் படிப்பு என்பதே பாதி அப்படித்தானே நடக்கிறது? 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், அந்த மொழியைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் திறன் மறு பக்கம். இரண்டில் எது சுழியானாலும் விடை சுழிதான். பள்ளி முதலாவதைச் சொல்லிக் கொடுக்கிறது. இரண்டாவது, தமிழில் எழுத்துத் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வது, வீட்டில் யாராவது வாய்விட்டுப் படித்தால்தான் வரும்.

இரண்டு பிள்ளைகளை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பிறகு கண்ணில் பட்ட ஓர் ஆய்வு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அரபியிலும் நம் கதைதான். வீட்டில் வட்டாரப் பேச்சு, புத்தகத்தில் இலக்கிய அரபி. 1959இல் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இப்படிப்பட்ட இரட்டை வழக்கு பற்றிக் கட்டுரை எழுதியபோது எடுத்துக்கொண்ட நான்கு மொழிச்சூழல்களில் அரபியும் ஒன்று. சிறு பிள்ளைகளுக்கு இலக்கிய அரபி புரியாது, பேச்சு வழக்குக்கு மாற்றித்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கேயும் ஊறிப்போன நம்பிக்கை. இஸ்ரேலில் அரபு பேசும் குழந்தைகளின் மழலையர் வகுப்புகளில் டினா ஃபைடெல்சனும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். ஆசிரியர்கள் சில மாதங்கள் தொடர்ந்து கதைகளை இலக்கிய அரபியிலேயே, புத்தகத்தில் உள்ளபடி படித்தார்கள். 1993இல் முடிவு வெளியானது. அப்படிக் கேட்ட குழந்தைகள், கேட்காத குழந்தைகளைவிடக் கதையை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். படத்தைப் பார்த்துத் தாங்களே கதை சொல்லும்போதும் அவர்கள் மேலாக இருந்தார்கள். குழந்தைக்குப் புரியாது என்று பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்ததை, குழந்தைகள் கேட்டுக் கேட்டே தாண்டிப் போனார்கள்.

புரியாவிட்டால்?

உள்ளபடி படிப்பது என்றால் விளக்கமே கூடாது என்று அர்த்தமில்லை. ஒரு வரியை அச்சில் உள்ளபடி படித்துவிட்டு, பிள்ளை முழித்தால், "கிணத்துக்கிட்ட போச்சாம்" என்று பேச்சில் சொல்லிவிட்டு, அடுத்த வரியை மறுபடி அச்சுத் தமிழில் தொடங்கலாம். வாசிப்பு ஒரு குரலில், அரட்டை இன்னொரு குரலில். இந்த மாற்றத்தைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். எது புத்தகம் பேசுவது, எது அப்பா பேசுவது என்று அவர்களுக்குத் தெரிகிறது. அதோடு, விளக்கம் நாம் நினைக்கும் அளவுக்குத் தேவைப்படுவதில்லை. படம் பாதி சொல்லிவிடுகிறது, முந்தைய வரி மீதியைச் சொல்லிவிடுகிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அதே கதை வரும்போது கேள்வி கேட்காமலே தாண்டிப் போகிறார்கள்.

அந்த அரட்டையை நான் லேசாக எண்ணவில்லை. வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினர் வழக்கம்போலவே படித்தார்கள். இன்னொரு பகுதியினர் நடுநடுவே திறந்த கேள்விகள் கேட்டு, பிள்ளை சொன்ன சின்னப் பதிலை நீட்டி, அதைப் பேசவைத்துப் படித்தார்கள். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவுதான் படித்தார்கள், ஒரு மாதம்தான். பேசவைத்துப் படித்த வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் முன்னால் போய்விட்டார்கள். "இது என்ன நிறம், அது என்ன மிருகம்" என்ற பரீட்சைக் கேள்விகளைச் சொல்லவில்லை. "ஏன் அது உள்ளே போகாம நிக்குது?" போன்ற, கேட்பவருக்கும் விடை தெரியாத கேள்விகள். அவற்றை நம் பேச்சில் கேட்க வேண்டும், பிள்ளை தன் பேச்சில் பதில் சொல்ல வேண்டும். அதில் இலக்கணத் திருத்தம் வேண்டாம்.

புத்தகம் மூடியிருக்கும்போது சொல்லும் கதை வேறு. பாட்டி சொல்லும் கதைக்கும், விளக்கணைத்த பிறகு அண்ணி நரியாகவும் புலியாகவும் குரல் மாற்றிச் சொல்லும் கதைக்கும் ஈடாக எந்தப் புத்தகமும் இல்லை. அங்கே பேச்சுத் தமிழ்தான் ராஜா. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன். கதை சொல்வதும் புத்தகம் படித்துக் காட்டுவதும் இரண்டு தனித்தனிச் செல்வங்கள். ஒன்றை இன்னொன்றாகக் கரைத்துவிட வேண்டாம் என்பது மட்டும்தான் என் வாதம்.

தமிழ் வாசிப்பே தடுமாறுகிறது, ஆங்கில வழியில் படித்தேன், எப்படி உரக்கப் படிப்பது என்று தயங்கும் பெற்றோர் நிறையப் பேர். மெதுவாகப் படிப்பது குழந்தைக்கு நல்லது. முதல் நாள் தனியாக ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்துக்கொண்டால் தட்டாமல் வரும். நடிப்பும் தேவையில்லை. முற்றுப்புள்ளியில் நின்று, கால்புள்ளியில் லேசாக நின்று, கடைசி எழுத்தை விழுங்காமல் சொன்னால் போதும். 'வந்தான்' என்பதில் அந்த 'ன்' காதில் விழ வேண்டும். அது விழுந்தால்தான் வந்தது அவனா அவளா என்பது தெளிவாகும்.

பிள்ளை தானே படிக்கக் கற்றுக்கொண்டதும் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. எட்டு வயதில் அவர்களால் தாமாகப் படிக்க முடிகிற புத்தகம் ஒரு மட்டம், காதால் கேட்டு ரசிக்க முடிகிற புத்தகம் அதற்கு மேலே. அந்த இடைவெளியில்தான் நல்ல கதைகளெல்லாம் இருக்கின்றன.

மாற்றிப் படிக்கத் தோன்றும் இடங்கள்

எல்லாவற்றையும் படிப்பவர் தலையில் கட்டிவிடுவதும் நியாயமில்லை. நாக்கு தானாகப் பேச்சுக்கு இறங்கும் இடங்களைக் கவனித்தால், பாதி நேரம் தப்பு வாக்கியத்தில் இருக்கிறது. 'மகிழ்ச்சி அடைந்தவாறு ஓடலானது', 'தன்னுடைய தாயினால் அழைக்கப்பட்ட குட்டியானது' என்றெல்லாம் எழுதினால் எவருக்கும் அதை உள்ளபடி படிக்க மனம் வராது. அது எழுத்துத் தமிழே அல்ல, வேறு மொழியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தது. நல்ல எழுத்துத் தமிழ் வாயில் உருளும். 'எட்டிப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் பார்த்தது.' இதை மாற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாது, எந்தப் பிள்ளைக்கும் புரியாமலும் போகாது. உரையாடலை மட்டும் பேச்சு நடையில் அச்சிடும் புத்தகங்களும் இப்போது வருகின்றன. முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே குழந்தைப் புத்தகம் வர வேண்டும் என்றும் நான் ஆசைப்படுகிறேன். 'பாத்துட்டிருந்துச்சு' என்பதை எப்படி எழுதுவது, எந்த வட்டாரப் பேச்சை எடுப்பது என்ற சிக்கல்கள் உண்டு, ஆனாலும் எழுதிப் பார்க்க வேண்டும். வந்தால் அவற்றையும் அச்சில் உள்ளபடிதான் படிப்பேன்.

குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் கையெழுத்துப் படியை ஒரு பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். படித்து முடிப்பதற்குள் பிள்ளையின் கை பக்கத்தைத் திருப்ப வருகிறதென்றால், அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.